401கே: ராத்தா, ட்ரெடிஷனலா? கலிபோர்னியாவில் வேலை, ஊர் திரும்பும் யோசனையும் உண்டு

ஏரிக்கரை_77:

வணக்கம். எனக்கு 34 வயது, எச்-1பி வேலை விசா, ஆண்டுச் சம்பளம் 165,000 டாலர். மனைவிக்கு 32, சம்பளம் 70,000. இருவரும் சேர்ந்தே வரி தாக்கல் செய்கிறோம். வீடு கலிபோர்னியாவில், குழந்தைகள் இல்லை. கம்பெனி வழி ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கான 401கேவில், என் கம்பெனி சம்பளத்தில் 4 சதவீதம் வரை நாம் போடுவதற்குச் சமமாக மேட்ச் தருகிறது. மாதம் இரண்டு பே செக்.

2026-க்கான 24,500 டாலர் வரம்பை முழுக்கப் போட முடியும். பேரோல் தளத்தில் ப்ரீ-டாக்ஸ் (ட்ரெடிஷனல்: இப்போது வரி இல்லை, எடுக்கும்போது உண்டு), ராத் (இப்போது வரி உண்டு, எடுக்கும்போது இல்லை), ஆஃப்டர்-டாக்ஸ் என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. "சின்ன வயசுதானே, கண்ணை மூடிக்கொண்டு ராத் போடு" என்று ஆபீஸில் எல்லோரும் சொல்கிறார்கள். மனைவியின் சம்பளம் குறைவு என்பதால் அவருக்காவது ராத் என்று நினைத்தோம்.

கிரீன் கார்டு வரிசை எப்போது நகரும் என்று தெரியாது. எட்டு, பத்து வருஷத்தில் தமிழ்நாட்டுக்கே திரும்பிவிடவும் வாய்ப்பு உண்டு. அப்படித் திரும்பினால் எது நல்லது? அந்த மூன்றாவது கட்டம் எதற்கு?

கணக்கப்பிள்ளை:

வயசை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. சின்ன வயசில் பெரும்பாலானோர் 10, 12 சதவீத பிராக்கெட்டில், அதாவது வரி அடுக்கில், இருப்பார்கள், அவர்களுக்காகச் சொன்ன அறிவுரை அது. நீங்கள் அங்கே இல்லை.

பார்க்க வேண்டியது இரண்டே விகிதங்கள்: இன்று உங்கள் கடைசி டாலருக்கு விழும் வரி, நாளை எடுக்கும்போது விழப்போகும் வரி. இரண்டும் ஒன்றானால் ராத்தும் ட்ரெடிஷனலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். 31.3 சதவீத வரி என்று வையுங்கள். 10,000 டாலர் சம்பளத்துக்கு வரி கட்டிவிட்டு 6,870-ஐ ராத்தில் போட்டு, அது ஏழு மடங்கானால் 48,090. அதே 10,000-ஐ ட்ரெடிஷனலில் போட்டால் 70,000 ஆகும். எடுக்கும்போது 31.3 போனால் மிச்சம் அதே 48,090. "ராத்தில் வளர்ச்சிக்கு வரி கிடையாதே" என்பவர்கள் வரி முன்னாலேயே போய்விட்டதை மறந்துவிடுகிறார்கள்.

31.3 எங்கிருந்து வந்தது? உங்கள் இருவர் சம்பளம் 235,000. 2026-க்கான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (வரி போடும் முன் கழியும் நிலையான தொகை) 32,200 போக 202,800. தம்பதியருக்கு 22 சதவீத பிராக்கெட் 100,800-இல் தொடங்கி 211,400 வரை போகிறது. ஆக 24,500-ஐக் கழித்தாலும் அத்தனையும் 22 சதவீதத்திலிருந்தே கழிகிறது. அதற்கு மேல் கலிபோர்னியா 9.3. மொத்தச் சேமிப்பு 7,668 டாலர். சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் இரண்டு வகையிலும் ஒன்றுதான், அதில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை.

இனி எடுக்கும் பக்கம். போடும்போது வரி மிச்சமாவது உச்சி பிராக்கெட்டில். எடுக்கும்போதோ அடியிலிருந்து நிரப்பிக்கொண்டு வருகிறோம். அமெரிக்காவிலேயே ஓய்வு பெற்று, வேறு வருமானம் இல்லாமல் ஆண்டுக்கு 100,000 எடுத்தால், இன்றைய விகிதப்படி 67,800-க்குத்தான் வரி: முதல் 24,800-க்கு 2,480, மீதி 43,000-க்கு 5,160. மொத்தம் 7,640, அதாவது 7.6 சதவீதம். இருவருக்குமாக 50,000 சோஷியல் செக்யூரிட்டி வந்தால் அதில் 85 சதவீதம் வரிக்குள் வரும். அப்போதும் மொத்த வரி 13,690தான். 65 வயதுக்கு மேல் கிடைக்கும் கூடுதல் கழிவை நான் சேர்க்கவே இல்லை.

மாநிலத்தையும் கவனியுங்கள். கலிபோர்னியாவில் 9.3 மிச்சம் பிடித்துவிட்டு, ஓய்வுக்கு டெக்சாஸோ வாஷிங்டனோ ஃப்ளோரிடாவோ போனால் அங்கே ஓய்வூதிய வருமானத்துக்கு மாநில வரி கிடையாது. 1996-இல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, வெளியேறியவரின் 401கே பணத்தைக் கலிபோர்னியா துரத்தி வந்து வரி கேட்கவும் முடியாது. பென்சில்வேனியாவில் இருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த மாநிலம் போடும்போது கழிவே தராது.

"2025-க்குப் பிறகு விகிதம் ஏறும், அதனால் இப்போதே வரி கட்டிவிடு" என்று ஒரு பேச்சு சில வருஷமாக ஓடியது. 2025 ஜூலையில் வந்த சட்டம் 2017-இன் விகிதங்களை நிரந்தரமாக்கிவிட்டது. நாளை வேறொரு காங்கிரஸ் மாற்றலாம், ஆனால் தேதி குறித்த ஏற்றம் என்று இப்போது எதுவும் இல்லை.

மனைவிக்கு ராத் என்ற யோசனை வேண்டாம். சேர்ந்து தாக்கல் செய்யும்போது தனித்தனி பிராக்கெட் கிடையாது. அவருடைய 70,000-இல் கடைசி டாலருக்கும் அதே 31.3தான்.

என் முடிவு: இருவருக்கும் 401கே ட்ரெடிஷனல். அது தவிர ராத் வேண்டுமானால் ஐஆர்ஏவில் (கம்பெனி சாராமல் நாமே திறக்கும் ஓய்வுக்காலக் கணக்கு) வையுங்கள்.

ராத்_கட்சி:

கணக்கப்பிள்ளை சார் சொன்ன கணக்கு சரி, ஆனால் அதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அந்த 7,668 டாலரை ஒவ்வொரு வருஷமும் எடுத்து வேறு கணக்கில் முதலீடு செய்தால்தான் ஒப்பீடு நிற்கும். பே செக்கில் கூடுதலாக வரும் 320 டாலர் காருக்கும் ஊர்ப் பயணத்துக்கும் கரைந்துவிட்டால் ராத் போட்டவர் முந்திவிடுவார்.

வரம்பை முழுக்கப் போடுபவருக்கு இன்னொன்று. 24,500 ராத் என்பதும் 24,500 ட்ரெடிஷனல் என்பதும் ஒரே அளவு பணம் இல்லை. வரி கட்டிய 24,500 கையில் வர 35,662 டாலர் சம்பளம் தேவை. அதாவது வரியில்லாத கூரைக்குள் ராத் அதிகப் பணத்தைத் தள்ளுகிறது. ட்ரெடிஷனல் ஆள் மிச்சம் பிடித்த தொகையைச் சாதாரண ப்ரோக்கரேஜில் போட்டால் டிவிடெண்டுக்கு வருஷா வருஷம் வரி, விற்றால் லாபத்துக்கு வரி.

கட்டாய எடுப்பும் உண்டு. 1960-க்குப் பின் பிறந்தவர்கள் 75 வயதிலிருந்து ட்ரெடிஷனல் பணத்தை எடுத்தே ஆக வேண்டும். உங்கள் 24,500-உம் மேட்ச் 6,600-உம் 30 வருஷம் போய், பணவீக்கம் நீங்கலாக 5 சதவீதம் வளர்ந்தால் 64 வயதில் சுமார் 20.6 லட்சம் டாலர். தொடாமல் விட்டால் 75-இல் 35 லட்சம். அமெரிக்க வரித்துறை அட்டவணையில் 75 வயதுக்கான வகுஎண் 24.6, ஆக முதல் வருஷமே 143,000-க்கு மேல் எடுக்க வேண்டும். மனைவியின் கணக்கு தனி. இருவரில் ஒருவர் முதலில் போய்விட்டால் மற்றவருக்குத் தனியாள் பிராக்கெட், அதாவது பாதி அகலம். இரண்டு வருஷம் முந்தைய வருமானத்தைப் பார்த்து மெடிகேர் பிரீமியத்தையும் ஏற்றுவார்கள். ராத் 401கேவுக்கோ 2024 முதல் இந்தக் கட்டாய எடுப்பே கிடையாது.

கணக்கப்பிள்ளை:

கூரை வாதம் சரியானது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 75 வரை ஒரு காசு தொடாமல் இருப்பவருக்கு வேறெங்கோ சோறு கிடைக்கிறது என்று அர்த்தம். 62-க்கும் 75-க்கும் நடுவே சம்பளம் நின்ற வருஷங்களில்தான் ட்ரெடிஷனலைக் கொஞ்சம் கொஞ்சமாக 12 சதவீதத்தில் ராத்துக்கு மாற்றுவார்கள். இன்று 31.3 கட்டி வாங்க வேண்டியதில்லை.

பேரோல்_மேசை:

தத்துவத்தை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். தளத்தில் எங்கே கை தவறுகிறது என்பதைச் சொல்கிறேன்.

ப்ரீ-டாக்ஸ், ராத் இரண்டும் சேர்ந்துதான் 24,500. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி 24,500 கிடையாது. எந்தக் கம்பெனியில் எவ்வளவு போட்டாலும் ஆளுக்கு ஒரே வரம்பு. வருஷ நடுவில் வேலை மாறினால் பழைய இடத்தில் போட்டதைப் புதிய பேரோலுக்குச் சொல்லுங்கள், அவர்களுக்குத் தானாகத் தெரியாது. மீறிய தொகையை அடுத்த ஏப்ரல் 15-க்குள் திரும்ப எடுக்காவிட்டால் அதற்கு இரண்டு முறை வரி: போட்ட வருஷம் ஒன்று, எடுக்கும் வருஷம் ஒன்று.

மூன்றாவது கட்டமான ஆஃப்டர்-டாக்ஸ் ராத் இல்லை. நிறையப் பேர் பெயரைப் பார்த்து அதில் போய்ப் போட்டுவிடுகிறார்கள். அதில் போடும் அசலுக்கு வரி முடிந்திருக்கும், வளர்ச்சிக்கோ எடுக்கும்போது முழு வரி. அப்படியே விட்டால் மூன்றில் மட்டமானது அதுதான். அதற்கு அர்த்தம் வருவது, போட்ட உடனே ப்ளானுக்குள்ளேயே ராத்தாக மாற்ற வசதி இருந்தால். 2026-இல் உங்கள் பங்கு, கம்பெனி பங்கு எல்லாம் சேர்த்து மொத்த வரம்பு 72,000. 24,500-உம் மேட்ச் 6,600-உம் போக 40,900 இடம் இருக்கிறது, ப்ளான் அதற்கும் கீழே வேறு வரம்பு வைக்கலாம். ப்ளான் விவரக் குறிப்பில் "ஆட்டோமேட்டிக் இன்-ப்ளான் ராத் கன்வர்ஷன்" இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் போன் போட்டு மாற்ற வேண்டும், இடையில் வளர்ந்த தொகைக்கு வரி விழும். அதிகச் சம்பளக்காரர்கள் மட்டுமே போட்டிருந்தால் பாகுபாட்டுச் சோதனையில் ப்ளான் தோற்று, போட்டதில் ஒரு பகுதி அடுத்த வருஷம் திரும்பி வரும், அதுவும் நடக்கும். 24,500 நிரம்பாதவர் இந்தக் கட்டத்தின் பக்கமே போக வேண்டாம்.

அடுத்தது மேட்ச். உங்கள் பே செக் 6,875, அதில் 4 சதவீதம் 275. ஜனவரியிலேயே முடித்துவிடலாம் என்று 50 சதவீதம் வைத்தால் எட்டாவது பே செக்கில் 24,500 நிரம்பிவிடும். பிறகு நீங்கள் எதுவும் போடாததால் மேட்சும் நின்றுவிடும். 16 பே செக், 4,400 டாலர் போச்சு. வருஷக் கடைசியில் விட்டுப்போன மேட்சைக் கணக்குப் பார்த்துத் தரும் "ட்ரூ-அப்" செய்யும் கம்பெனியானால் திரும்ப வரும், இல்லாவிட்டால் இல்லை. 15 சதவீதம் வையுங்கள்: 23 முறை 1,031.25, கடைசி முறை 781.25. இருபத்து நான்கிலும் மேட்ச் முழுதாக வரும்.

நீங்கள் முழுக்க ராத் போட்டாலும் பெரும்பாலான ப்ளான்களில் மேட்ச் ட்ரெடிஷனல் பக்கம்தான் விழும். 2022 டிசம்பர் சட்டத்துக்குப் பிறகு மேட்சையும் ராத்தாக வாங்கலாம், ப்ளான் அனுமதித்தால். ஆனால் அந்தத் தொகை அந்த வருஷ வருமானமாகி 1099-ஆர் என்ற வரிப் படிவம் வரும், பே செக்கில் வரி பிடிக்க மாட்டார்கள். ஏப்ரலில் திடீரென்று பாக்கி நிற்கும்.

ராத் என்று ஒருமுறை போனது ராத்தான். அந்தப் பணத்தை ட்ரெடிஷனலாகத் திருப்ப வழியில்லை. தளத்தில் மாற்றினால் இனிவரும் பே செக்குக்கு மட்டும். சரியாகப் போயிற்றா என்று ஜனவரியில் டபிள்யூ-2 சம்பளப் படிவத்தில் பாருங்கள்: பெட்டி 12-இல் "டி" என்றால் ட்ரெடிஷனல், "ஏஏ" என்றால் ராத். ட்ரெடிஷனல் பெட்டி 1-ஐ (வருமான வரிக்கான சம்பளம்) குறைத்திருக்கும், பெட்டி 3-ஐயும் 5-ஐயும் (சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேருக்கான சம்பளம்) தொட்டிருக்காது.

அடையாறு_தணிக்கை:

ஊர் திரும்பும் பகுதிக்கு யாரும் வரவில்லை. அதைப் பொறுத்துப் பாதி விஷயம் மாறும்.

முதலில், கணக்கப்பிள்ளை சொன்ன 7.6 சதவீதம் சென்னையில் உட்கார்ந்து எடுப்பவருக்குக் கிடைக்காது. கிரீன் கார்டு இல்லாமல் திரும்பியவர் அமெரிக்காவைப் பொறுத்தவரை நான்-ரெசிடென்ட் ஏலியன், அதாவது அங்கே வசிக்காத வெளிநாட்டவர். அவருக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் இல்லை, சேர்ந்து தாக்கல் செய்வதும் இல்லை. எதுவும் தாக்கல் செய்யாமல் பணம் கேட்டால் 30 சதவீதம் பிடித்துக்கொண்டு அனுப்புவார்கள். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 20-ஆவது பிரிவுப்படி பென்ஷனுக்கு வரி வசிக்கும் நாட்டில் மட்டும்தான். அதைக் கோர டபிள்யூ-8பென் படிவத்தில் ஒப்பந்தப் பிரிவைக் குறிப்பிட வேண்டும். ஆனால் ஒப்பந்தம் பென்ஷன் என்று சொல்வது தவணை முறையில் வரும் தொகையை. ஒரேயடியாக மொத்தமாக எடுப்பதை அதற்குள் அடக்க முடியாது. 59½ வயதுக்கு முன் எடுத்தால் 10 சதவீத அபராதம் எங்கே இருந்தாலும் உண்டு.

கிரீன் கார்டையோ குடியுரிமையையோ கையில் வைத்துக்கொண்டு ஊரில் இருப்பவருக்கு இது பொருந்தாது. அவருக்கு அமெரிக்க வரி தொடரும், ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனும் தொடரும்.

இந்தியப் பக்கம் மூன்று கட்டம். அமெரிக்காவில் இருக்கும் வரை இந்தியாவுக்கு இதில் வேலையே இல்லை. திரும்பிய பின், முந்தைய 10 வருஷத்தில் 9 வருஷம் என்ஆர்ஐயாக இருந்தவர், அல்லது முந்தைய 7 வருஷத்தில் மொத்தம் 729 நாளோ அதற்குக் குறைவாகவோ இந்தியாவில் இருந்தவர், ஆர்என்ஓஆர் (ஊரில் வசிப்பவர், ஆனால் வரிக்கு இன்னும் சாதாரண வசிப்பாளர் அல்ல). பெரும்பாலும் இரண்டு, மூன்று வருஷம் இது நீடிக்கும், அதுவரை வெளிநாட்டு வருமானத்துக்கு இந்தியா வரி போடாது. அதற்குப் பிறகு உலக வருமானம் முழுக்கக் கணக்கில் வரும், 401கேவுக்குள் வருஷா வருஷம் வளர்வதும் சேர்த்து. அங்கேதான் இந்திய வருமான வரிச் சட்டத்தின் 89ஏ பிரிவு உதவுகிறது. 2021 நிதிச் சட்டத்தில் வந்தது, அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றுக்கும் உண்டு. 10-இஇ படிவத்தை ரிட்டர்ன் கெடுத் தேதிக்குள் போட்டால், உள்ளே வளர்வதற்கு வரியைத் தள்ளி, எடுக்கும்போது கட்டினால் போதும். ஒருமுறை தேர்ந்தெடுத்தால் பின்வாங்க முடியாது. புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் வேறு, தாக்கல் செய்யும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ராத்துக்கு வருவோம். 89ஏ தன் சலுகையைத் தருவது, "அந்த நாட்டில் எடுக்கும்போது வரி விதிக்கப்படும்" கணக்குக்கு. ராத்தின் சிறப்பே எடுக்கும்போது வரி இல்லை என்பதுதான். எழுத்துப்படி பார்த்தால் ராத் அந்த வரையறைக்குள் உட்காரவில்லை. வளர்ச்சிக்கு வருஷா வருஷம் வரியா, எடுக்கும்போதா என்று சிஏக்களே ஒரே குரலில் பேசுவதில்லை. கனடாவுடனான ஒப்பந்தத்தில் அமெரிக்கா ராத்துக்குத் தனி வாசகம் வைத்திருக்கிறது, இந்தியாவுடன் அப்படி எதுவும் இல்லை. கலிபோர்னியாவில் 31.3 கட்டி வரியில்லாத வளர்ச்சியை வாங்கிவிட்டு, சென்னையில் அதே வளர்ச்சிக்கு மறுபடி கட்டும் வாய்ப்பு நிஜமானது.

ட்ரெடிஷனல் பணத்தைத் தவணையாக இந்தியாவில் எடுத்தால் எவ்வளவு? புதிய வரிமுறையில், 2025-26 ஸ்லாப்படி ஆண்டுக்கு 30 லட்சம் ரூபாய் எடுத்தால் 24 லட்சம் வரை 3,00,000 வரி, மேல் 6 லட்சத்துக்கு 1,80,000, செஸ் சேர்த்து 4,99,200. அதாவது 16.6 சதவீதம். இந்தியாவில் தம்பதியர் சேர்ந்து தாக்கல் செய்ய முடியாது, ஆளுக்கொரு ஸ்லாப். அதனால் பணம் உங்கள் கணக்கில் மட்டும் குவிவதைவிட மனைவியின் 401கேவும் நிரம்பியிருப்பது நல்லது: இருவரும் 30 லட்சம் எடுத்தாலும் ஆளுக்கு 16.6தான். ஒருவரே 60 லட்சம் எடுத்தால் மேல் பகுதிக்கு 30 சதவீதம், 50 லட்சம் தாண்டியதால் சர்சார்ஜும் வரும்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியது: மீதி 7,000 டாலருக்குக் குறைவாக இருந்தால் ப்ளான் உங்களைக் கேட்காமலே வெளியே தள்ளலாம். சில நிறுவனங்கள் இந்திய முகவரி வந்ததும் கணக்கில் புதிதாக முதலீடு வாங்க விடாமல் செய்துவிடும், அதை முன்னாலேயே கேட்டு, தேவையானால் ஐஆர்ஏவுக்கு மாற்றிவிடுங்கள். ஆர்என்ஓஆர் முடிந்த வருஷத்திலிருந்து ரிட்டர்னில் ஷெட்யூல் எஃப்ஏ (வெளிநாட்டுச் சொத்துப் பட்டியல்) கட்டாயம். வருமானம் வராத கணக்கையும் காட்ட வேண்டும், விட்டால் கறுப்புப் பணச் சட்டம் 10 லட்சம் ரூபாய் அபராதம் பேசுகிறது.

ஏரிக்கரை_77:

மிக்க நன்றி. அப்படியானால் இருவருக்கும் ட்ரெடிஷனல் 15 சதவீதத்தில் தொடங்குகிறேன், மனைவிக்கு முடிந்த அளவு. ஒன்று விட்டுவிட்டேன்: இந்த வருஷம் எனக்கு 20,000 டாலர் போனஸ் வரும். ராத் ஐஆர்ஏவுக்கு வருமான வரம்பைத் தாண்டிவிடுவோமா? திரும்புவோம் என்றால் ராத் ஐஆர்ஏவும் வேண்டாமா?

கணக்கப்பிள்ளை:

போனஸோடு 255,000. 2026-இல் தம்பதியருக்கு 242,000 வரை முழு அனுமதி, 252,000-க்கு மேல் இல்லை. 401கேவை ராத்தாகப் போட்டிருந்தால் நேர்வழி மூடியிருக்கும். ட்ரெடிஷனலில் உங்கள் 24,500 மட்டும் கழிந்தாலே 230,500. இருவரும் ஆளுக்கு 7,500 ராத் ஐஆர்ஏ நேராகப் போடலாம். கூடவே, போனஸால் 211,400-க்கு மேல் ஏறிய 11,400 டாலர் 24 சதவீத பிராக்கெட்டில் இருந்தது, அதுவும் முதலில் கழிந்துவிடுகிறது.

பின்னாளில் வரம்பைத் தாண்டிப் பின்வாசல் வழியாக (ட்ரெடிஷனல் ஐஆர்ஏவில் போட்டு ராத்தாக மாற்றுவது) போட வேண்டியிருந்தால், வேலை மாறும்போது பழைய 401கேவை ட்ரெடிஷனல் ஐஆர்ஏவுக்குக் கொண்டுபோகாதீர்கள். புதிய கம்பெனி 401கேவுக்கே மாற்றுங்கள். ஐஆர்ஏவில் ப்ரீ-டாக்ஸ் பணம் கிடந்தால் மாற்றும் ஒவ்வொரு டாலரிலும் விகிதப்படி வரி விழும்.

அடையாறு_தணிக்கை:

ராத் ஐஆர்ஏவில் நீங்கள் போட்ட அசலை எப்போது வேண்டுமானாலும் வரியும் அபராதமும் இல்லாமல் எடுக்கலாம், அசல்தான் முதலில் வெளியே வரும். ராத் 401கேவில் அப்படி இல்லை, முன்னதாக எடுத்தால் அசலும் வளர்ச்சியும் விகிதப்படி கலந்து வரும். அதனால் திரும்புவது உறுதியானால் ஐஆர்ஏ அசலைக் கிளம்பும் முன்போ ஆர்என்ஓஆர் காலத்திலோ எடுத்துவிடலாம், இந்தியாவில் சிக்கலாகக் கூடியது வளர்ச்சி மட்டும்தான். திரும்பாவிட்டால், வளர்ச்சியை வரியில்லாமல் எடுக்கக் காத்திருக்க வேண்டிய ஐந்து வருஷக் கடிகாரம் இப்போதே ஓடத் தொடங்கியிருக்கும். பின்னால் ராத் 401கே எதையாவது அங்கே மாற்றினாலும் ஐஆர்ஏவின் பழைய கடிகாரம்தான் செல்லும்.

பேரோல்_மேசை:

தேதி மட்டும் கவனம். 2026 ராத் ஐஆர்ஏவை 2027 ஏப்ரல் 15 வரை போடலாம். 401கே அப்படி இல்லை, டிசம்பர் 31-க்குள் வரும் கடைசி பே செக்கோடு சரி. போனஸிலிருந்து 401கே பிடிப்பார்களா என்பது சில ப்ளான்களில் தனித் தேர்வு. பிடித்தால் 15 சதவீதக் கணக்கு மாறி வரம்பு சீக்கிரம் நிரம்பும். ட்ரூ-அப் இல்லாத கம்பெனியானால் போனஸ் பிடித்தத்தைப் பூஜ்யமாக்கிவிடுங்கள், அல்லது அது வந்த பிறகு சம்பளச் சதவீதத்தை மீதிப் பே செக்குகளுக்கு ஏற்றபடி குறைத்துவிடுங்கள், 4-க்குக் கீழே மட்டும் இறக்காமல்.